ஒத்தப்பனை

எங்கெங்கோ பிழைக்கப் போன ஊர்க்காரர்களுக்காக எட்வின் இணையத்தில் ஒரு குழுமம் தொடங்கினான். வேற்றூர் ஆட்கள் நுழையாமலிருக்க வாசலில் ஒரு கேள்வி வைத்தான்: 'ரயில்வே கேட்டுக்கு அடுத்த பஸ் ஸ்டாப்பை என்ன சொல்லுவோம்?' பலகையில் வேறு பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது ஒத்தப்பனை. சரியாகச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறந்து பெயரைக் கேட்கும். துபாயிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் 'ரெட்டப்பனை' என்று எழுதினார். 'நீங்கள் நம் ஊர்க்காரர் இல்லை' என்றது திரை. மறுநாளும் அதே விடை வந்தது, அடுத்த வாரமும் வந்தது. பிறகு வரவில்லை. எண்ணத் தெரியாதவன் என்று குழுமமே சிரித்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டுச் சேசம்மாளிடம் இதைச் சொல்லி மறுபடியும் சிரித்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"ஒண்ணு இடி விழுந்துல்லா போச்சு. எங்கண்ணன் கப்பலேறும்போது ரெண்டும் நின்னுச்சு. போனவரு சேதியே இல்ல. எழுதுனவரு பேரு என்னய்யா?"

அன்றைக்கே எட்வின் இரண்டு விடைக்கும் கதவு திறக்கும்படி மாற்றினான். அதற்குப் பிறகு யாரும் ரெட்டப்பனை என்று எழுதவில்லை.