வெளியூர்ப் பெட்டி

நகராட்சி அதிகாரி பூவராகன் தான் கொண்டுவந்த மாலையைக் கண்ணாடி மூடிமேல் வைத்துக் கும்பிட்டார். பிறகு குனிந்து, பிணம் வைத்திருந்த குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

“இது வெளியூர்ப் பெட்டிம்மா. நம்ம ஊர்ல டெண்டர் எடுத்த நல்லமுத்து பெட்டியைத்தான் வைக்கணும். மறுபடி பிளக்கை மாட்டினா பெட்டியையே எடுத்துட்டுப் போயிருவோம்.”

“அது இன்னொரு சாவு வீட்ல இருக்கு. நாளைக்குத்தான் தருவாங்களாம். அண்ணன் துபாய்லேர்ந்து வரணும் சார்,” என்றாள் இறந்தவரின் மகள் தமயந்தி. “எடுத்தீங்கன்னா கோர்ட்டுக்குப் போவேன்.”

“தாராளமா போங்க. நகராட்சி மேலயும் கேஸ் நிக்காது, என் மேலயும் நிக்காது. கவுன்சிலரா இருந்தப்ப உங்கப்பாதான் கேஸ் போட முடியாதுங்கற அந்தச் சட்டத்தை எங்களுக்கு எடுத்துச் சொல்லி, டெண்டர் தீர்மானத்தையே கொண்டுவந்தாரு.”

ஒயரை முழங்கையில் சுற்றி, மாலைக்குப் பக்கத்தில் பதவிசாக வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவின் முகத்துக்கு நேரே கண்ணாடி வியர்த்தது. தமயந்தி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். ஈரம் உள்பக்கம் இருந்தது.