நடுப்பாகம்

"இன்னாடா படம் இது? மொத பாகத்துல காணாமப் போன ராஜா, ரெண்டாம் பாகத்துலயும் கிடைக்கல!" பேருந்தில் அரிகரன் பொருமினான்.

"நடுப்பாகம்னா அப்படித்தான்டா. மூணாவது அடுத்த வருஷம் வருது," என்றான் தணிகைவேல்.

"நீதான் அந்த நாவலைப் படிச்சவனாச்சே. ராஜா திரும்பி வர்றாரா? சொல்லித் தொலைடா."

"மாட்டேன்."

"சின்ன வயசு சிநேகிதனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா, கல்நெஞ்சுக்காரா?"

பிள்ளையார்குப்பத்தில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அரிகரன் தயங்கி நின்றான்.

"நாளைக்கு என் நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. பொழைக்கிறேனோ இல்லியோ, இப்பவாவது சொல்லுடா."

தணிகைவேல் திருக்காமீசுவரரை மனத்துக்குள் கும்பிட்டபடி, நண்பனின் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் மொத நாள், மொத ஷோ, என் பக்கத்து சீட்டுல உக்காந்து நீயே பாரு."