லைனுக்கு ஒரு காவல்

"கார்ட் பாஸ் அப்பா! ஆயிரத்துக்குத் தொளாயிரத்துக்கு மேல!"

யதுர்ஷிகா கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினாள். மேசையில் கொம்பியூட்டர். பக்கத்தில் பழைய லப்டொப். இரண்டுக்கும் நடுவே ஒரு நீல வயர். ஒன்று அனுப்ப, மற்றது வாங்க, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று திரையில் ஒரு முள் காட்டியது.

பரமேஸ்வரன் கையைத் தட்டினார். நேற்றைய ஒத்திகையில் வீடியோ உறைந்து நின்றதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாளை காலை பத்து மணிக்குக் கொழும்புக் கம்பனியின் கடைசி நேர்முகம். கிடைத்தால், மகள் ஸ்கந்தபுரத்து வீட்டில் இருந்தபடியே வேலை செய்யலாம். கிளிநொச்சியில் அவர் வாங்கி வந்த நெற்வேர்க் கார்ட்தான் பழுதோ என்று பயந்துபோயிருந்தார்.

"உந்த சொஃப்ற்வெயார் என்ன விலை பிள்ளை?"

"சும்மா அப்பா. இன்ரநெற்றில இலவசம்."

"சும்மாவோ! இவ்வளவு நேர்மையாச் சொல்லுற சாமானை ஆர் சும்மா குடுக்கிறது?"

"இன்னொண்டும் இருக்கு. இது வெளியில இருந்து வாற லைனை அளக்கும். லப்டொப்பில போட்டிருக்கிறன். இந்தப் பொத்தானை அமத்துங்கோ."

அமத்தினார். முள் நெளிந்து எழும்பி, பாதிக்கும் கீழே நின்றுவிட்டது.

"இவ்வளவுதானோ?"

"பின்னேரத்தில ஊரே பாவிக்கும் அப்பா. காலமை ஏறும்."

அவர் அதைக் கேட்கவில்லை. வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜினி, சிவரூபிக்கு எங்கட வைஃபை பாஸ்வேர்ட் குடுத்தனியெல்லே?"

"அது கொரோனாக் காலத்தில. அவவின்ர பிள்ளை படிக்கிறதுக்கு."

"பாத்தியே? இன்னும் உறிஞ்சுகினம்!"

மனைவி மறிக்க முதல் வேலியடியில் நின்றார்.

"பிள்ளை, நாளைக்குப் பத்து மணிக்கெண்டாலும் எங்கட லைனை விட்டுவிடுங்கோ. மகளின்ர வாழ்க்கை."

கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சிவரூபி திரும்பினாள். "நாங்கள் பாவிக்கிறேல்லை அண்ணை. எங்களுக்கு ஃபோனில டேற்றா இருக்கு."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

அவள் அடுத்த உடுப்பை உதறிக் கொடியில் போட்டாள்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கொஞ்சம் முதல் சிவரூபி வந்தாள். கையில் ஒரு தட்டம். அதில் மூன்று ஃபோன்கள், மூன்றும் நிற்பாட்டியபடி.

"எங்கட வீட்டில இருக்கிறது இவ்வளவுதான் அண்ணை. பிள்ளையின்ர அலுவல் முடிய எடுக்கிறன்."

ராஜினி வெட்கத்தில் குசினிக்குள் போய்விட்டாள். பரமேஸ்வரன் தட்டத்தை வாங்கிக் கூடத்து மேசையில் வைத்தார். வாசல்படியில் இருந்துகொண்டாள் சிவரூபி.

யதுர்ஷிகா உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினாள். பரமேஸ்வரன் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு அமத்தினார்.

"ஏறுது! ராஜினி, ஓடி வா, ஏறுது!"

இன்னொருக்கா அமத்தினார். கொஞ்சம் இறங்கியது. உள்ளே மகளின் குரல்: "சேர், கேக்குதா?"

திரும்ப அமத்தினார். முள் இன்னும் கீழே.

"ஹலோ சேர்? சேர்?"

"எங்கையோ இன்னுமொரு ஃபோன் ஓடுது!" என்று வாசல்பக்கம் கேட்கும்படி சொன்னார். சொல்லிக்கொண்டே அமத்தினார்.

கதவு திறந்தது. யதுர்ஷிகாவின் கண் நிறைந்திருந்தது. "உறைஞ்சு போச்சு அப்பா. அஞ்சு நிமிசத்துக்குள்ள திரும்ப வராட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவினமாம்."

பரமேஸ்வரன் வாயைத் திறக்க முதல் சிவரூபி பாய்ந்து வந்தாள். தட்டத்தில் இருந்த ஒரு ஃபோனை எடுத்து இயக்கினாள்.

"இந்தா பிள்ளை, இதில ஹொட்ஸ்பொட் எடு. டேற்றா கிடக்கு. ஓடு, ஓடு!"

கதவு திரும்பச் சாத்தப்பட்டது. லைன் ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு எதையும் தொடவே கூடாது என்று பரமேஸ்வரன் லப்டொப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே பேச்சு ஓடியது. அறாமல் ஓடியது. ஒருமுறை மகள் சிரித்ததும் கேட்டது. ராஜினி குசினி வாசலில் நின்று கும்பிட்டாள்.

கடைசியில் கதவு படாரென்று திறந்தது.

"எடுத்திட்டினம்! முதலாம் திகதி தொடங்கட்டாம்!"

ராஜினி மகளைக் கட்டிப்பிடித்தாள். மகள் சிவரூபியைக் கட்டிப்பிடித்தாள். பரமேஸ்வரன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நானும் சும்மா இருக்கேல்லைப் பிள்ளை. அந்த முள்ளைப் பாத்து, விடாமல் அமத்தி அமத்திக் காவல் இருந்தனான்."

யதுர்ஷிகாவின் சிரிப்பு நின்றது. "நான் உள்ள கதைக்கேக்கையோ?"

"ஓம். நீ உறைஞ்சு போச்செண்டு வெளியில வருமட்டும் கையெடுக்கேல்லை."

"ஐயோ அப்பா! லைன் முழுவதையும் தானே இழுத்துப் பாத்துத்தான் அது எவ்வளவெண்டு சொல்லும். நீங்கள் ஒவ்வொருக்கா அமத்தேக்கையும் எனக்கு ஒண்டும் மிஞ்சாது."

பரமேஸ்வரனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அதனால் தன் முன்னே நீண்டுவந்த தட்டம்தான் முதலில் தெரிந்தது.

"பரவாயில்லை அண்ணை," என்றாள் சிவரூபி சிரித்தபடி. "அடுத்தமுறை உங்கட லப்டொப்பையும் இதில வையுங்கோ."