தீப்பெட்டி அளவு முகம்

"இது வேண்டாம் தம்பி. நான் முதல்ல அனுப்பினேனே, மங்கலா ஒண்ணு. அதைப் போடு" என்றாள் சுமியாதி.

அச்சுக்கடை ஹண்டோகோவுக்குச் சுருக்கென்றது.

திரையில் இருந்தது அவன் கைவேலை. சுமியாதியின் மகன் செனோ காணாமல் போனபோது, சுவரொட்டிக்காக ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவன் தெளிவாக்கிய முகம். சுரபாயாவில் பாதி மின்கம்பங்களில் அது ஒட்டப்பட்டிருந்தது.

இப்போது அவள் வந்திருப்பது யாசீன் புத்தகத்துக்கு. குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை அச்சிட்டு, இறந்த நூறாம் நாள் ஓதலுக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பது. முதல் பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும்.

செனோ இறந்துவிட்டான் என்பதே, அவள் கடைக்குள் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த தொழிலைப் பேசினான்.

"அந்தப் படம் தாங்காதும்மா. கல்யாண வீட்டுல கூட்டமா நின்னு எடுத்தது. அதுல இருந்து வெட்டின முகம், போன் போனா மாறி வந்து இளைச்சுப்போச்சு. பெருசாக்கினா புள்ளிதான் பெருசாகும், ஆள் தெரியமாட்டான்."

அவள் தலையாட்டினாள். சுவரொட்டிக்கு வந்த அன்றைக்கும் இதே பாடத்தை அவன் நடத்தியிருந்தான்.

கூடவே, வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற வேடிக்கையையும் சொல்லியிருந்தான். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா, அதுக்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வச்சிருக்காங்க. அழுதுகொண்டிருந்தவள் அதற்குச் சிரித்துவிட்டாள். துக்கத்தில் இருந்தவளைச் சிரிக்கவைத்துவிட்டோம் என்று அவனுக்கு அன்றைக்குப் பெருமை வேறு.

தாள் நிறைய முகம் வேண்டும் என்று கேட்டது அவள்தான். பெரிதாக்கியதும் செனோ கட்டம் கட்டமாக உடைந்து போனான். முகங்களைச் சரிசெய்யும் மென்பொருளில் படத்தைப் போட்டான் ஹண்டோகோ. அது இல்லாத இமைமுடியை நட்டது, இல்லாத தோலைப் பூசியது. அதற்கும் தப்பி அங்கங்கே நின்ற புள்ளிகளை அவன் ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

அங்க அடையாளம் எழுத இடம் விடட்டுமா என்று கேட்டான்.

படத்திலேயே தெரியுதே தம்பி, முகத்தைப் பெருசாப் போடு என்றாள்.

அச்சாகி வந்த தாளைப் பார்த்து, என் பிள்ளை சினிமாக்காரன் மாதிரி இருக்கான் என்றும் சொன்னாள். அதை அவன் மறக்கவில்லை. அதனால்தான் இப்போது கேட்டுவிட்டான்.

"ஏம்மா, இந்தப் படத்துல என்ன குறை?"

சுமியாதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, விலை விசாரிக்கிறவள் மாதிரிதான் பேசினாள்.

கிரெசிக் சாலையில் செனோவை லாரி அடித்துவிட்டுப் போயிருக்கிறது. பர்ஸும் போனும் இல்லாமல், பெயர் தெரியாத ஆளாக ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். முகம் வீங்கி உருமாறிப் போயிருந்தது. நினைவு திரும்பவில்லை. ஆனால் உயிர் இருந்தது, பல நாள் இருந்தது.

"எங்க சுவரொட்டி அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே இருந்திருக்கு தம்பி. ஒரு நர்ஸுப் பொண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்கு. பிய்ச்சு எடுத்துட்டுப் போய் கட்டில் பக்கத்துல வச்சுப் பார்த்திருக்கா."

ஹண்டோகோ மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"அவனுக்குச் சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்த தழும்பு. இடது புருவத்தை ரெண்டா வெட்டிட்டுப் போகும். வீங்கின முகத்துல அது ஒண்ணுதான் மிச்சம். படத்துல புருவம் சுத்தமா இருக்கவும், இவன் வேற யாரோன்னு திரும்பக் கொண்டுபோய் ஒட்டிட்டா."

அப்புறம் அவன் இறந்ததும் அநாதைப் பிணமாகப் புதைத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் காட்டிய பிணத்தின் படத்தில் புருவத்தைப் பார்த்துத்தான் அவள் கண்டுபிடித்தாள்.

அவன் பழைய கோப்பைத் திறந்தான். மங்கலான அந்த முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். இடது புருவத்தின் நடுவே வெளிறிய புள்ளிகள் இரண்டு நின்றன. படத்தில் ஒட்டிய அழுக்கு என்று அவன் துடைத்தெறிந்தவை. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீ ஒருத்தன்தான் பார்த்தியா? நானுந்தான் பார்த்தேன். எனக்கு அந்தச் சுவரொட்டியிலயும் தழும்பு தெரிஞ்சுது தம்பி" என்றாள்.

அவள் அவனைத்தான் தேற்றுகிறாள் என்று புரிந்தபோது அவனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

எழுந்து ஓட முடியாது, வேலை இருந்தது. பழைய படத்தைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்தான். எதையும் நடவில்லை, எதையும் துடைக்கவில்லை. சிறிதாக்கிக்கொண்டே வந்தான். சிதறி நின்ற புள்ளிகள் நெருங்கி நெருங்கி, தீப்பெட்டி அளவுக்கு வந்ததும் முகமாகிவிட்டன. இது நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே யாருக்கும் தெரிந்துவிடும்.

மெஷின் ஒரு தாளைத் தள்ளியது. இன்னும் சூடாக இருந்தது.

சுமியாதி அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். சுண்டுவிரல் நகத்தால் இடது புருவத்தைத் தொட்டாள். அங்கே ஒரு சின்ன வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"இத்தனூண்டுலயே தெரியுதே தம்பி" என்றாள்.