கூரையேறும் பாட்டு

பாட்டு மறுபடியும் கூரை ஏறிவிட்டது.

சனிக்கிழமை ஒத்திகையில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டைத் தொடங்கினால் மட்டும், இரண்டாவது வரியிலேயே பாடகர் குழுவின் கழுத்து நரம்புகள் புடைத்துவிடுகின்றன.

கீபோர்டு வாசிப்பவளுக்கு இது புரியவே இல்லை.

வயலின் என்றால் கம்பி இறுகியிருக்கும் எனலாம். தொண்டை என்றால் உற்சாகத்தில் உயர்ந்துவிட்டது எனலாம். கீபோர்டில் அதற்கு வழியில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் அதற்கென்று வைத்த சுரம்தான் வரும். சிரித்துக்கொண்டு அழுத்தினாலும் அதே, அழுதுகொண்டு அழுத்தினாலும் அதே.

ஆல்டோ அத்தை இதை ஒப்புக்கொள்ளவில்லை. குழுவில் கீழ்க்குரலில் பாடும் பெண்களுக்கு மூத்தவர் என்பதால் அந்தப் பெயர். அவருக்குக் குரல்தான் கீழே. குறை எப்போதும் மேலே.

"பாட்டா இது, ஏணியா? உனக்குச் சந்தோஷம் கூடிப்போச்சும்மா, அதான் சுருதியும் கூடிப்போகுது. அந்தச் சிரிப்பை மூட்டைகட்டி வச்சுட்டு வாசி!"

ஒருவர் சொன்னால் பரவாயில்லை. வாரம் போகப் போக எல்லோரும் தலையாட்டினார்கள். ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவர், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று கேட்டார். கடைசியில் போதகரே, தயங்கித் தயங்கி, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், சரிவராவிட்டால் போனில் இசையை ஓடவிட்டுப் பாடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு அவள் சிரிக்காமலே வாசித்துப் பார்த்தாள். பாட்டு அப்போதும் கூரையில்தான் நின்றது. அவள்தான் கீழே விழுந்து கிடந்தாள். முன் பெஞ்சில் இருந்த குழந்தை ஒன்று அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது.

ஆக, சிரிப்பு காரணமில்லை. சோதித்துப் பார்த்தாகிவிட்டது. தவிர, அந்தச் சந்தோஷம் அவள் கடையில் வாங்கியதல்ல, ஆண்டவர் கொடுத்தது. கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தரலாம். ஆல்டோ அத்தை கேட்டதற்காகவெல்லாம் தர முடியுமா?

இன்று சீக்கிரமே வந்து கீபோர்டைப் போட்டாள். ஒரு கட்டையை அழுத்தி, சுருதி காட்டும் செயலியோடு ஒப்பிட்டாள். மயிரிழை பிசகவில்லை. பிறகு வழக்கம்போல, குழுவோடு ஜெபிக்கப் பின்னறைக்குப் போனாள். அங்கே போன பிறகுதான், மூக்குக்கண்ணாடியைக் கீபோர்டின் மேலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது.

எடுக்கத் திரும்பியவள் கதவருகே நின்றுவிட்டாள்.

ஆல்டோ அத்தை கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கைக்குட்டையை விரலில் சுற்றி, பொத்தான் பொத்தானாக, குழந்தையின் காதைத் துடைப்பது போல. அவளுக்குப் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும். தூரத்துப் பார்வைக்குக் குறைவில்லை. சுருதியைக் கூட்டும் பொத்தான்மேல் அத்தையின் விரல் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. சின்னத் திரையில் பூஜ்யம் ஒன்றானது. வாயால் ஊதி, இன்னொரு தேய்ப்பு. ஒன்று இரண்டானது. அப்புறம் அந்த எண்ணும் மறைந்து, திரை ஒன்றும் அறியாததுபோல நின்றது.

அந்தப் பொத்தான் ஒரு தட்டுக்கு மொத்தக் கீபோர்டையும் அரைச் சுரம் மேலே தூக்கும். கட்டைகள் அதே இடத்தில்தான் இருக்கும், அதனால் விரல்களுக்குத் தெரியாது. தொண்டைகளுக்குத்தான் தெரியும்.

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும், குழு முழுக்க ஓடிவரும். இத்தனை வாரச் சிரிப்பும் அத்தையின் பக்கம் திரும்பிவிடும்.

அப்போதுதான் அத்தை பாடுவது கேட்டது.

முதல் பாட்டைத்தான். மெல்ல, தன் குரலுக்கு ஏற்ற சுருதியில், கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. குழுவில் ஒருவரும் பார்த்திராத சிரிப்பு.

அவளுக்கு மட்டும் அது பழக்கப்பட்ட சிரிப்பாகத் தெரிந்தது. கொடுத்தவர் ஒருவர்தானே.

திறந்த வாயால் இருமினாள்.

அத்தை திடுக்கிட்டுக் கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "என்ன பாக்குற? ஒரே தூசி. ஞாயித்துக்கிழமையாவது துடைக்கணும்னு உங்க யாருக்காவது அக்கறை இருக்கா?"

அன்றைய ஆராதனையில் முதல் பாட்டு தரையில் நடந்தது. கடைசி வரிவரை ஒரு கழுத்து நரம்பும் புடைக்கவில்லை. போதகர் தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? நான் சொன்ன மாதிரி சிரிப்பைக் குறைச்ச, பாட்டு தானா இறங்கிடுச்சு!" என்றார் அத்தை, வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி.

பாட்டு முழுக்க அவள் சிரித்துக்கொண்டேதான் வாசித்திருந்தாள். அதற்கும் சேர்த்து இப்போது சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு, கீபோர்டின் மேல் பஞ்சுபோன்ற புதுத் துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று அத்தை கேட்கவில்லை. எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வழி சுலபம், போன ஞாயிறே செய்து பார்த்ததுதான். அத்தை துடைத்து முடிக்கட்டும். பிறகு, முதல் பாட்டுக்கு முன்னால், ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்துக்கொண்டு, கீபோர்டை ஒருமுறை அணைத்து மறுபடி போட வேண்டும். யார் எதை எவ்வளவு ஏற்றிவிட்டிருந்தாலும், எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.