சோட்டோ உக்கே எந்தப் பக்கம்?

"மாஸ்டர், போன வாரம் இதே மாதிரி தடுத்ததுக்குத்தானே எனக்குத் தண்டால் குடுத்தீங்க?"

கேட்டது நர்ஸ். கராத்தேயில் பழுப்பு பெல்ட். நெட்டை மாஸ்டரிடம் இப்படி நேருக்கு நேர் கேட்கிற துணிச்சல் அவளுக்குத்தான் உண்டு.

"போன வாரம் வேற, இந்த வாரம் வேற. இனிமே சோட்டோ உக்கே தடுப்புன்னா கை உள்ளேயிருந்து வெளியே போகணும்."

"அது குட்டை மாஸ்டர் பள்ளியில சொல்றதாச்சே! நமக்கு வெளியேயிருந்து உள்ளேதானே?"

"தெரியுதில்ல? அப்போ கேள்வி கேக்காம போடு."

பின்வரிசையில் லாரி டிரைவர் முணுமுணுத்தார். "கொள்கை கொள்கைன்னு தொண்டை கிழியக் கத்தின மனுஷன். கட்டடம் கைவிட்டுப் போனதும் கட்சி மாறிட்டாரு."

நெட்டையின் காதில் அது விழாமல் இல்லை. "இன்னொரு தடவை!" என்றார்.

பயிற்சிக் கூடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்களாம். ஊரில் மிச்சமிருப்பது குட்டையின் பள்ளி ஒன்றுதான். அங்கே ஒரு சட்டம்: வெளியாள் வந்தால் முதலில் பரீட்சை. தவறினால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெள்ளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நைட் ட்யூட்டி முடித்து, தூங்காத கண்ணோடு வந்து வாங்கிய பெல்ட் நர்ஸுடையது. தன் வீம்புக்காக அவள் ஏன் அதைக் கழற்ற வேண்டும்?

குட்டை சொல்லியனுப்பிய சேதியைத்தான் பொறுக்க முடியவில்லை. 'அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லு. நம்ம ஆளுங்களோட கலந்து நிக்கட்டும். எந்தத் தடுப்புன்னு பேரு நான்தான் சொல்வேன்.'

"பாத்தியா திமிரை! அவன்தான் சொல்வானாம்!" என்று நெட்டை வீட்டில் குதித்தார்.

"குதிச்சது போதும், கீழ் வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. உங்களுக்கு மட்டும் திமிர் கொஞ்சமா?" என்றாள் மனைவி.

ஒரு காலத்தில் நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே மில், ஒரே ஷிப்ட். புது மெஷின் பூட்ட வந்த ஜப்பான் இன்ஜினியர், சாயங்காலம் கேன்டீன் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். வெள்ளை உடுப்பு வாங்க வக்கில்லை. மாவு மூட்டைத் துணியில் குட்டையின் அம்மா ஒன்று தைத்துக்கொடுத்தாள். அதை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். குட்டை போட்டால் தரையைக் கூட்டும். நெட்டை போட்டால் முட்டிக்கு மேலே நிற்கும். கேன்டீனே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் இவர்கள் சிரிப்புதான் பெரிசு.

அந்த இன்ஜினியர் போய் இன்னொருவர் வந்தார். அவரும் சொல்லிக்கொடுத்தார். சோட்டோ உக்கே என்ற அதே பேர். ஆனால் கை போனது எதிர்ப்பக்கம்.

"எங்க ஊர்ல பள்ளிக்குப் பள்ளி பேர் மாறும். கை சரியா இருந்தா போதும்" என்று அவர் சிரித்தார்.

இவர்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. முதலாமவர் சொன்னதுதான் சரி என்றார் நெட்டை. இரண்டாமவர் சொன்னதுதான் என்றார் குட்டை. மெஷின் ஓடத் தொடங்கியதும் ஜப்பான்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சண்டை மட்டும் தங்கிவிட்டது. மில் வேலைநிறுத்தத்தில் தடியடிக்கு முன்னால் தோளோடு தோள் நின்று, சிறையில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள், தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு இயக்கம் உடையக் கொள்கை வேண்டியதில்லை. ஒரு சொல் போதும்.

பரீட்சை நாள்.

வாசலில் குட்டை நின்றிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"வாங்க மாஸ்டர்."

"வந்தேன் மாஸ்டர்."

அவ்வளவுதான் பேச்சு.

நெட்டையின் ஆட்களும் குட்டையின் ஆட்களும் வரிசையில் ஒருவர் விட்டு ஒருவராக நின்றார்கள். நர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுத் தையல்காரர். நெட்டை சுவரோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒருத்தர் பழைய பழக்கத்தில் கையைத் திருப்பினாலும் போச்சு.

குட்டை தொண்டையைச் செருமினார்.

"சோட்டோ உக்கே!"

நர்ஸின் கை உள்ளேயிருந்து வெளியே போனது. டிரைவரின் கையும் அப்படியே. ஒருத்தரும் தவறவில்லை. நெட்டை மூச்சை விட்டார்.

மடார்!

தையல்காரரின் கை வெளியேயிருந்து உள்ளே வந்து நர்ஸின் கையில் மோதியது. வரிசை முழுக்க மடார், மடார், "ஐயோ", "யம்மா". குட்டையின் ஆட்கள் ஒருத்தர் விடாமல் கையை உள்ளே வீசியிருந்தார்கள்.

"நிறுத்து!" குட்டையின் முகம் சிவந்துவிட்டது. நெட்டையின் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது? உன் ஆளுங்க எதுக்கு என் மாதிரி போடறாங்க?"

"உன் பள்ளிக்கு வர்றவங்க உன் மாதிரிதானே போடணும்? உன் ஆளுங்களுக்கு என்ன வந்துச்சு?"

குட்டை பெல்ட் முடிச்சை இறுக்கிக்கொண்டு தரையையே பார்த்தார்.

தையல்காரர்தான் முழங்கையைத் தேய்த்தபடி பொங்கினார். "நல்லா இருக்கு மாஸ்டர் நியாயம்! அவங்க பழக்கத்துல போட்டுட்டுப் பெல்ட்டை இழந்துடக் கூடாது, அதனால இனிமே இங்கேயும் நெட்டை சொன்னதுதான் சரின்னு, ஒரு வாரமா எங்க தோள்பட்டையைக் கழட்டினது நீங்கதானே!"