நனையக்கூடாத மெசின்

தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வு மாற்றிக்கொண்ட மீனவர் குஞ்சித்தம்பி, ஒரு பை இறாலோடு சிரித்தபடி டொக்டரின் அறைக்குள் நுழைந்தார்.

இதயத் துடிப்பைப் பதிய நேற்று அவர் நெஞ்சில் கட்டியனுப்பிய மெசினின் பதிவைப் பார்த்த டொக்டர் சிரிக்கவில்லை.

"ஐயா, இரவில துடிப்பு நிண்டு நிண்டு ஓடுது. பேஸ்மேக்கர் வைச்சாச் சரியாகிடும். தலை சுத்துறதா?"

"எனக்கில்ல. மனிசிக்குத்தான் சுத்துதாம், என்னை நினைச்சுக் கவலைப்பட்டு."

டொக்டர் இறால் பையைப் பார்த்தார். "இந்த உடம்போட எப்ப வலை வீசினீங்க?"

"நேத்து இரவுதான், வாவியில. இடுப்பளவு தண்ணி."

"மெசினோடயா? நனையக்கூடாதெண்டு சொன்னனே!"

"அதாலதானே டொக்டர், கழட்டி வீட்டில இருந்த மனிசிக்குக் கட்டிவிட்டன்."

டொக்டர் எழுந்தேவிட்டார். "அவவை உடனே கூட்டி வாங்க!"

"வாசலிலதான் நிக்கிறா. நான் விழுந்திடாமப் பிடிக்கவெண்டு வந்தவ."